ரெய்டு கார்டு வாங்கிய கதை: பன்னிரண்டு டிஸ்க், இரண்டு கார்டு, ஒரு தப்பான கேபிள்

புதிய ரெய்டு கார்டைப் போட்டு ஐந்து மாதம் ஓடிவிட்டது. பல டிஸ்கை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று செத்தாலும் டேட்டா போகாமல் காக்கும் கார்டு அது. போன வாரம் ஏழாம் தட்டில் இருந்த டிஸ்க் செத்தது. ராத்திரி இரண்டு மணிக்கு வாட்ச்மேன் அண்ணன் போன் செய்து, "சார், மாடியில ஏதோ விடாம கத்திக்கிட்டே இருக்கு" என்றார். கார்டின் அலாரம்தான். "கத்தட்டும்ணே, காலைல வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கிப்போனேன். போன வருஷம் இப்படி ஒரு போன் வந்திருந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடியிருப்பேன். அந்தத் தூக்கத்துக்கு என்ன செலவானது, எங்கெங்கே சறுக்கினேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

சாலிகிராமத்தில் பழைய படங்களின் நெகட்டிவை ஸ்கேன் செய்து, கீறலும் தூசியும் நீக்கிக் கொடுக்கிற சின்ன ஸ்டுடியோ எங்களுடையது. ஸ்கேனர் ஒவ்வொரு ஃபிரேமையும் தனி டிபிஎக்ஸ் ஃபைலாகத் தள்ளும். 2கே ஸ்கேன் என்றால் 2048க்கு 1556 புள்ளி, புள்ளிக்கு 4 பைட், ஆக ஒரு ஃபிரேம் சுமார் 12.7 எம்பி. விநாடிக்கு 24 ஃபிரேம் ஓட்டிப் பார்க்க 306 எம்பி வேகம் வேண்டும். இரண்டரை மணி நேரப் படம் 2,16,000 ஃபிரேம், 2.75 டெராபைட். அதையே 4கே-யில் எடுத்தால் நாலு மடங்கு, 11 டெராபைட். ஸ்கேன் செய்தது ஒரு பிரதி, சுத்தம் செய்தது இன்னொரு பிரதி. மூன்று படம் சேர்ந்தாற்போல வந்துவிட்டால் இடம் எங்கே போனது என்றே தெரியாது.

பழைய ஏற்பாடு: 16 டிஸ்க், ஒவ்வொன்றும் 3 டெராபைட், ரெய்டு 6, அதாவது இரண்டு டிஸ்க் செத்தாலும் டேட்டா போகாது. கார்டு எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். எட்டு வருஷம் உழைத்த கார்டைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. ஒரு திங்கட்கிழமை காலை மெஷினைப் போட்டபோது அந்தக் கார்டு அதன் கண்ணில் படவில்லை. ஸ்லாட் மாற்றினேன், காண்டாக்டை ரப்பரால் துடைத்தேன், வேறு மதர்போர்டில் போட்டேன். ம்ஹூம். 16 டிஸ்கும் நன்றாக இருந்தன. டேட்டாவும் அதில்தான் இருந்தது. எடுக்கத்தான் முடியவில்லை.

கையில் வேறொரு கம்பெனி கார்டு இருந்தது. அதில் செருகிப் பார்த்தேன். 16 டிஸ்கையும் புத்தம் புதிது என்று காட்டி, இனிஷியலைஸ் செய்யட்டுமா, அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கட்டுமா என்று கேட்டது. வயிற்றைக் கலக்கியது, உடனே கழற்றிவிட்டேன். எந்த டிஸ்க் எத்தனையாவது, துண்டு எவ்வளவு பெரிது, பாரிட்டி என்ற மீட்புக் கணக்கு எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதையெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் வழியில் டிஸ்கிலேயே எழுதி வைத்திருக்கும். அடுத்த கம்பெனி கார்டுக்கு அது புரியாது. ஸ்கேன் செய்த மூலம் எல்டிஓ என்ற காப்பு டேப்பில் பத்திரமாக இருந்தது. ஆனால் கடைசி 11 நாள் மூன்று பிள்ளைகள் உட்கார்ந்து தூசி எடுத்த வேலை டேப்புக்குப் போகவில்லை. ரிச்சி தெருவில் ஏறி இறங்காத கடை இல்லை. அந்த மாடல் எங்கும் கிடையாது. கடைசியில் வெளிநாட்டில் ஒரு பழைய பீஸ் கிடைத்து, வந்து சேர 19 நாள். செருகியதும் பழைய அமைப்பை அடையாளம் கண்டுகொண்டது, எல்லாம் அப்படியே இருந்தது. 19 நாள் வேலை நின்ற கணக்கை முதலாளி இன்னும் மறக்கவில்லை.

இவ்வளவு பட்டவன் புதுக் கார்டு தேடும்போது முதலில் எதைக் கேட்டிருக்க வேண்டும்? "இது செத்தால் நாளைக்கே சென்னையில் இன்னொன்று கிடைக்குமா?" என்பதை. நானோ ஒரு மாதம் முழுக்க விநாடிக்கு எத்தனை ஜிபி, கேஷ் (கார்டின் தற்காலிக நினைவகம்) எத்தனை ஜிபி என்று அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன்.

கார்டு எதற்கு, சாஃப்ட்வேரிலேயே ரெய்டு போடலாமே என்று சில நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எங்கள் ஸ்கேனரின் சாஃப்ட்வேர் விண்டோஸில்தான் ஓடும், டிஸ்கும் அதே மெஷினில் நேரடியாக இருக்க வேண்டும். லினக்ஸ் சர்வராக இருந்திருந்தால் இந்தக் கார்டையே வாங்கியிருக்க மாட்டேன். டிஸ்கை அப்படியே எடுத்துக் கொடுக்கிற சாதாரண எச்பிஏ கார்டு ஒன்றைப் போட்டு இசட்எஃப்எஸ் என்ற சாஃப்ட்வேர் ரெய்டைப் போட்டிருப்பேன். அதில் கார்டு செத்தாலும் வேறு எந்தக் கார்டிலும் செருகிவிடலாம்.

சரி, தேர்வுக்கு வருகிறேன். என் பட்டியலில் மூன்று குடும்பம் இருந்தது: மெகாரெய்டு, அடாப்டெக், அரேகா. தைவான் கம்பெனி அரேகாவின் 1883 வரிசை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கார்டிலேயே நெட்வொர்க் போர்ட் இருக்கும். விண்டோஸ் படுத்துவிட்டாலும் வேறு கம்ப்யூட்டரின் பிரவுசரில் கார்டின் நிலையைப் பார்க்கலாம். ஆனால் நான் விசாரித்த எந்தக் கடையிலும் இருப்பு இல்லை, ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டும். அங்கேதான் எனக்கு அந்த 19 நாள் ஞாபகம் வந்தது. அட்டவணையைக் கிழித்துப் போட்டேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் ஒரு புதுப் பத்தி சேர்த்தேன், "உபரி கிடைக்குமா" என்று.

அந்தப் பத்தியில் மெகாரெய்டு மற்ற இரண்டையும் தள்ளிவிட்டது. காரணம் கார்டை விட அதன் சிப். மெகாரெய்டு 9361-8i கார்டில் இருப்பது சாஸ்3108 என்ற சிப். டெல்லின் பெர்க் எச்730, லெனோவோவின் எம்5210, இன்டெல், சூப்பர்மைக்ரோ தங்கள் பெயரில் விற்ற சில கார்டுகள் என்று பலவற்றிலும் இதே சிப். பெரிய அலுவலகங்கள் சர்வர்களைக் கழித்துக்கட்டும்போது இந்தக் கார்டுகள் கூடை கூடையாக வெளியே வருகின்றன. ரிச்சி தெருவில் கேட்டால் "எல்எஸ்ஐ கார்டா சார்?" என்பார்கள். மெகாரெய்டைச் செய்த எல்எஸ்ஐ-யை 2014-இல் அவாகோ வாங்கி, அந்த அவாகோ 2016-இல் பிராட்காமை வாங்கி அந்தப் பெயரையே வைத்துக்கொண்டு, எத்தனையோ ஆகிவிட்டது. தெருவில் இன்னும் எல்எஸ்ஐ-தான். அடாப்டெக்கின் கதையும் இப்படித்தான்: 2010-இல் பிஎம்சி-சியரா, 2016-இல் மைக்ரோசெமி, 2018-இல் மைக்ரோசிப். பழைய ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) தேடும்போது கம்பெனியின் எல்லாப் பெயரையும் போட்டுத் தேட வேண்டும், இல்லாவிட்டால் கிடைக்காது.

அடுத்த குழப்பம், எத்தனை போர்ட்? எங்கள் பெட்டி 24 தட்டு உள்ள 4யூ கேபினெட், முன்பே செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 24 தட்டுக்கு 24 போர்ட் கார்டு வேண்டும் என்றே பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த விலை 8 போர்ட் கார்டைப் போல மூன்று மடங்குக்கு மேல். ஒரு நாள் பெட்டியைத் திறந்து, டிஸ்குகள் போய்ச் செருகும் பின்பலகையைப் பார்த்தால் அதில் எக்ஸ்பேண்டர் சிப் இருக்கிறது. அதாவது ஒரே ஒரு கேபிள் போதும். 24 டிஸ்கையும் பலகையே பங்கு போட்டுக்கொள்ளும். ஆரம்பத்திலேயே நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்திருந்தால் இரண்டு வாரம் மிச்சம்.

ஒரு கேபிள் போதுமா என்ற பயம் வந்தது. கணக்குப் போட்டேன். பின்பலகை 6 கிகாபிட் வகை. ஒரு கேபிளில் நாலு பாதை, பாதைக்கு விநாடிக்கு 600 எம்பி, மொத்தம் 2.4 ஜிபி. பன்னிரண்டு டிஸ்க் ரெய்டு 6-இல் பத்து டிஸ்கின் வேகம் கிடைக்கும். டிஸ்கின் வெளி வட்டத்தில் தலைக்கு 200 எம்பி என்று வைத்தாலும் 2 ஜிபி. ஆபீஸ் நெட்வொர்க் 10 கிகாபிட், அதில் 1.1 ஜிபிக்கு மேல் நான் பார்த்ததில்லை. ஆக 12 கிகாபிட் கார்டு என்று பெருமைப்பட்டதெல்லாம் பெட்டியின் மேல் எழுத்துக்குத்தான். 9460, 9560 என்று புது வரிசைகள் இருக்கின்றன, என்விஎம்இ என்ற அதிவேக ஃபிளாஷ் டிஸ்கையும் எடுத்துக்கொள்ளும், கேஷும் பெரிது. சுற்றுகிற டிஸ்க் மட்டும் வைத்திருப்பவனுக்கு அது தேவையில்லை.

நடுவில் ஒரு சபலம். கடைக்காரர் ஒருவர் 1,500 ரூபாய்க்கு ஒரு பழைய கார்டை நீட்டினார். சும்மா டெஸ்டுக்கு ஆகட்டும் என்று வாங்கி வந்தேன். 8 டெராபைட் டிஸ்கைச் செருகினால் 2 டெராபைட் என்று காட்டியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிப்பைப் பார்த்தால் 1068இ. அந்தத் தலைமுறைச் சிப் 2 டெராபைட்டுக்கு மேல் எண்ணாது. ஃபர்ம்வேர் மாற்றியும் பயனில்லை. சிப்பின் பெயரைக் கடையிலேயே படித்திருக்க வேண்டும். 1,500 போச்சு.

பேட்டரி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ரெய்டு 6-இல் எழுதும் வேகம் கார்டின் கேஷைப் பொறுத்தது. எழுத வந்ததைக் கேஷில் வாங்கிக்கொண்டு "எழுதியாச்சு" என்று சொல்லிவிட்டு, பிறகு சாவகாசமாக டிஸ்கில் எழுதுவது ரைட்-பேக். டிஸ்கில் போய்ச் சேர்ந்த பிறகே சொல்வது ரைட்-த்ரூ. நடுவில் கரண்ட் போனால் கேஷில் இருப்பது போய்விடும் என்பதால்தான் பேட்டரி. பழைய கார்டில் லித்தியம் பேட்டரி இருந்தது. மாதத்துக்கு ஒரு முறை அது தன்னைத்தானே காலி செய்து, மறுபடி சார்ஜ் ஏற்றி, தன் பலத்தை அளந்து பார்க்கும். அந்த நேரத்தில் கார்டு ரைட்-த்ரூவுக்கு இறங்கிவிடும். "அண்ணா, இன்னிக்கு ரொம்ப ஸ்லோ" என்று பிள்ளைகள் சொல்லும்போதெல்லாம் நான் நெட்வொர்க் சுவிட்சைத் திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்துத்தான் தேதி ஒத்துப்போவது உறைத்தது. போதாக்குறைக்கு, ராத்திரி ஏசியை அணைத்துவிடும் அறையில் அந்தப் பேட்டரி மூன்றாம் வருஷமே உப்பிவிட்டது.

இன்னொன்று. அந்த மாதிரி பேட்டரி கேஷை 72 மணி நேரம் உயிரோடு வைத்திருக்கும் என்றுதான் எழுதியிருப்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் நாலு நாள் கரண்ட் இல்லை. அன்றைக்கு மெஷினை ஒழுங்காக அணைத்துவிட்டுப் போனதால் தப்பித்தோம்.

9361-க்குக் கேஷ்வால்ட் என்ற வேறு முறை. பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டர். கரண்ட் போனதும் கெபாசிட்டரில் இருக்கிற கொஞ்ச நேரச் சக்தியில், கேஷில் இருப்பதையெல்லாம் பக்கத்தில் இருக்கிற ஃபிளாஷ் நினைவகத்தில் கொட்டிவிட்டு அணைந்துவிடும். அப்புறம் நாலு நாள் என்ன, நாலு வாரம் கரண்ட் இல்லாவிட்டாலும் கவலையில்லை. மாதாந்திர சார்ஜ் கூத்தும் வேகத்தைக் கெடுப்பதில்லை. சென்னை வெயிலுக்கு எனக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

வாங்கினேன். இரண்டு கார்டு, ஒன்று 11,500 ரூபாய், சர்வரிலிருந்து கழற்றியவை, 1 ஜிபி கேஷ். "எல்லாம் இருக்கு சார்" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து பார்த்தால் கேஷ்வால்ட் பலகையும் இல்லை, கெபாசிட்டரும் இல்லை. தப்பு என்னுடையதும்தான், கார்டின் மேல் அந்தக் குட்டிப் பலகை உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தும் பார்க்கவில்லை. வேறு இடத்தில் கிட் ஒன்று 5,800 வீதம் இரண்டு வாங்கினேன்.

அடுத்தது கேபிள். கார்டில் இருப்பது எஸ்எஃப்எஃப்-8643 என்ற ஒல்லி வாய். பின்பலகையில் எஸ்எஃப்எஃப்-8087 என்ற அகல வாய். நான் இரண்டு பக்கமும் 8643 இருக்கிற கேபிளை 1,900 கொடுத்து வாங்கி வந்து, பின்பலகையோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். பிறகு 2,100 கொடுத்துச் சரியான கேபிள், அதுவும் 80 சென்டிமீட்டர். 50 சென்டிமீட்டர் கேபிள் ஃபேன் வரிசையைச் சுற்றிப் போக எட்டாது. நூல் வைத்து அளந்த பிறகே இந்த முறை ஆர்டர் போட்டேன். தனித்தனி சாட்டா டிஸ்கை நேரடியாக இணைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நாலு வாலாகப் பிரியும் கேபிளில் கார்டிலிருந்து டிஸ்குக்குப் போவது ஒரு வகை, மதர்போர்டிலிருந்து பின்பலகைக்குப் போவது இன்னொரு வகை. பார்க்க இரண்டும் அச்சு அசல் ஒன்றே. மாற்றிப் போட்டால் ஒரு டிஸ்கும் தெரியாது. முன்பொருமுறை வேறொரு பெட்டியில் அதற்காக ஒரு நாள் முழுக்க டிஸ்கைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

கார்டைச் செருகினேன். படிக்கும் வேகம் 1.45 ஜிபி. கணக்குக்கு உதைத்தது. மதர்போர்டு புத்தகத்தைப் புரட்டினால், நான் செருகிய நீள ஸ்லாட் பார்க்கத்தான் 16 பாதை, உள்ளே ஒயர் போயிருப்பது நாலு பாதைக்கு, அதுவும் சிப்செட் வழியாக இரண்டாம் தலைமுறை வேகத்தில். சிபியுவுக்கு நேராகப் போகும் ஸ்லாட்டுக்கு மாற்றினதும் 1.9 ஜிபி. அந்த ஸ்லாட்டில் சும்மா உட்கார்ந்திருந்த நெட்வொர்க் கார்டை இங்கே தள்ளிவிட்டேன். அதற்கு இது தாராளம்.

எழுதும் வேகம் அதைவிட வேடிக்கை. முதல் கார்டில் கேஷ்வால்ட் போடாமலே அவசரப்பட்டு ஓட்டிப் பார்த்தேன்: 240 எம்பி. 2கே ஸ்கேனுக்கு வேண்டிய 306 கூட இல்லை. செட்டிங்கில் "எப்போதும் ரைட்-பேக்" என்று ஒன்று இருக்கும். பேட்டரி இருக்கிறதோ இல்லையோ கேஷில் வாங்கிக்கொள்ளும். அதைத் தொடவில்லை. கிட் வந்து, பலகையை அழுத்திப் பொருத்தி, கெபாசிட்டரைக் கேபினெட் சுவரில் கேபிள் டை போட்டுக் கட்டி, சார்ஜ் ஏறும் வரை சில நிமிஷம் காத்திருந்தேன். 1.5 ஜிபி.

வெப்பத்தில் என் பாவம் என்னையே பிடித்தது. பெட்டியோடு வந்த 80 மில்லிமீட்டர் ஃபேன்கள் விமானம் மாதிரி இரைந்ததால், முன்பே அவற்றைக் கழற்றிவிட்டு மெதுவான ஃபேன்களைப் போட்டிருந்தேன். இந்த மாதிரி கார்டுக்கு நிமிஷத்துக்கு 200 அடி வேகத்தில் காற்று மேலே போக வேண்டும் என்று அதன் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. சர்வர் பெட்டியின் காற்றை நம்பிச் செய்த கார்டு, அதற்கென்று சொந்த ஃபேன் கிடையாது. முதல் நாள் ராத்திரி, ஏசி இல்லாத அறையில், சிப்பின் வெப்பம் 98 டிகிரி. 650 ரூபாய்க்கு 40 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை ஹீட் சிங்க் மேல் கேபிள் டையால் கட்டினேன், 74-க்கு வந்தது. பிறகு பழைய இரைச்சல் ஃபேன்களையே தூசி தட்டித் திரும்பப் போட்டேன், 63. இரைச்சல் மாடியோடு போகட்டும்.

டிஸ்க் 14 வாங்கினோம், 8 டெராபைட், சர்வர் ரகம், ஒன்று 17,800. பன்னிரண்டு ரெய்டு 6-இல், ஒன்று ஹாட் ஸ்பேர் (எது செத்தாலும் தானாகவே அதன் இடத்துக்கு வருவது), ஒன்று அலமாரியில். ஒரு டிஸ்க் சாவதை மட்டும் தாங்கும் ரெய்டு 5 போட்டால் ஒரு டிஸ்க் மிச்சமாகுமே என்று முதலாளி கேட்டார். ஒரு டிஸ்க் செத்தால் மீதி பதினொன்றையும் முழுசாக, 88 டெராபைட் படித்தால்தான் புதியதை நிரப்ப முடியும். சர்வர் ரக டிஸ்கிலேயே 125 டெராபைட்டுக்கு ஒரு படிப்புப் பிழை வரலாம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள் என்றேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

அவசரம் இல்லாததால் முழு இனிஷியலைஸ் போட்டேன், 14 மணி நேரம். அடுத்து விண்டோஸில் ஃபார்மட். இதிலும் ஒரு குழி இருக்கிறது. என்டிஎஃப்எஸ்ஸில் வழக்கமான 4 கேபி கிளஸ்டருக்கு (ஃபைலுக்கு இடம் ஒதுக்கும் துண்டு) 16 டெராபைட்தான் உச்சம். நம்முடையது 80 டெராபைட், விண்டோஸ் கணக்கில் 72.7. 16 கேபி கிளஸ்டர் 64 வரைதான் தாங்கும். 64 கேபி போட்டேன். ஃபிரேம் எல்லாம் 12 எம்பி என்பதால் வீணாவது ஒன்றும் இல்லை.

அப்புறம்தான் எனக்குப் பிடித்த வேலை, வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பது.

முதல் சோதனை கரண்ட். 4,000 ஃபிரேமைக் காப்பி போட்டு, ஓடும்போதே பவர் கேபிள் இரண்டையும் பிடுங்கினேன். மறுபடி போட்டபோது, கேஷில் இருந்ததை மீட்டு டிஸ்கில் எழுதிவிட்டதாகக் கார்டு சொன்னது. ஆனால் காப்பி ஆகிவிட்டதாகக் காட்டிய ஃபிரேம்களை மூலத்தோடு ஒப்பிட்டால் 40-க்கு மேல் உடைந்திருந்தன. கேஷ்வால்ட் ஏமாற்று வேலை என்ற முடிவுக்கே வந்துவிட்டேன். அரை நாள் கழித்து ஒரு செட்டிங் கண்ணில் பட்டது: டிஸ்கின் சொந்தக் கேஷ் திறந்திருந்தது. டிஸ்குக்கு 256 எம்பி, பன்னிரண்டுக்கு 3 ஜிபி. அதாவது கார்டின் 1 ஜிபியைக் கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்துவிட்டு, அதைவிட மூன்று மடங்கை நடுத்தெருவில் விட்டிருந்தேன். அதை அணைத்தேன். மறுபடி பிடுங்கினேன். இன்னும் 11 ஃபிரேம் உடைசல். இந்த முறை குற்றவாளி விண்டோஸ். காப்பி செய்யும்போது அது ரேமில் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டு முடிந்தது என்று சொல்லிவிடுகிறது. ரோபோகாப்பியில் ரேமைத் தவிர்க்கும் வழி ஒன்று உண்டு. அதைப் போட்டு மூன்றாம் முறை பிடுங்கினேன். முடிந்தது என்று வந்த அத்தனையும் ஒத்துப்போயின. கார்டு மேல் பழி போட்டது தப்பு. ஆனால் யுபிஎஸ் வேண்டாம் என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்வேன்.

இரண்டாம் சோதனை ஒரு டிஸ்கைப் பிடுங்குவது. வட்டில் கால்வாசிதான் டேட்டா இருந்தது, இருந்தாலும் கார்டுக்கு எது டேட்டா எது காலி என்று தெரியாது. 8 டெராபைட்டையும் நிரப்பியது. ராத்திரி சும்மா இருக்கும்போது 15 மணி நேரம். பகலில் ஸ்கேனும் ஓட, ரீபில்டுக்கு (இந்த நிரப்பும் வேலைக்கு) 30 சதவீதம் என்ற வழக்கமான ஒதுக்கீட்டில் 31 மணி நேரம். ஸ்கேன் தடங்கவில்லை என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.

மூன்றாவது, இந்தக் கூத்துக்கெல்லாம் காரணமானது. மெஷினை அணைத்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு உபரிக் கார்டைச் செருகினேன். வேறிடத்து அமைப்பு ஒன்று தெரிகிறது, சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது. ஆம் என்றேன். 72.7 டெராபைட்டும் வந்து நின்றது. ஸ்க்ரூவோடு சேர்த்து 22 நிமிஷம். 19 நாளுக்குப் பதில் 22 நிமிஷம். அன்று ராத்திரி எல்லோருக்கும் பரோட்டா என் செலவு. ஒரு குறை: உபரிக் கார்டின் ஃபர்ம்வேர் பழையது. வேலை செய்தது, ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டையும் ஒரே பதிப்புக்குக் கொண்டுவந்து, தேதியோடு ஸ்டிக்கர் ஒட்டி உறையில் போட்டேன்.

செலவு: கார்டு இரண்டு 23,000, கேஷ்வால்ட் இரண்டு 11,600, சரியான கேபிள் 2,100, தப்பான கேபிள் 1,900, 2 டெராபைட் கார்டு 1,500, ஃபேன் 650. டிஸ்க் 2,49,200. மொத்தம் 2,89,950. இதில் உபரிக்காகப் போட்டது ஒரு கார்டும் ஒரு கிட்டும், 17,300 ரூபாய். "சும்மா உறைல கிடக்கறதுக்கா?" என்று கேட்டவரிடம் அந்த 19 நாள் சம்பளக் கணக்கைக் காட்டினேன்.

மறுபடி செய்தால் கார்டு தேடுவதற்கு முன் பெட்டியைத் திறந்து பின்பலகை, ஸ்லாட், கேபிள் போகும் வழி மூன்றையும் போட்டோ எடுத்துக்கொள்வேன். கேஷ்வால்ட் இல்லாத கார்டைப் பேரம் பேசியிருப்பேன், அது நியாயமாக ஆயிரமாவது குறைந்திருக்கும். மீதி 11 தட்டும் நிரம்பும் நாளில் இருக்கிற ரெய்டையே நீட்ட மாட்டேன், தனியாக இன்னொரு ரெய்டு 6 போடுவேன். பழைய பெட்டியில் ஒரு முறை நீட்டப்போய் ஐந்து நாள் சுற்றியது, அந்த ஐந்து நாளும் யாரும் மூச்சு விடவில்லை.

போன வாரத்துக்கு வருகிறேன். காலை பத்து மணிக்குப் போனேன். ஏழாம் தட்டில் சிவப்பு விளக்கு. ஹாட் ஸ்பேர் ராத்திரியே வேலையை எடுத்துக்கொண்டு பாதிக்கு மேல் தாண்டியிருந்தது. ஸ்கேன் நடந்துகொண்டிருந்தது, ஒரு பிள்ளையும் கவனிக்கவில்லை. அலாரத்தை அணைத்தேன். ரீபில்ட் முடிந்த மறுநாள் செத்த டிஸ்கை உருவிவிட்டு அலமாரியில் இருந்ததைச் செருகினேன். செருகியதும் மறுபடி விளக்குகள் ஓட ஆரம்பித்து, 13 மணி நேரம் ஓடின. முதலில் திக்கென்றது. பார்த்தால், ஹாட் ஸ்பேரில் இருந்ததைப் புது டிஸ்குக்குத் திரும்பக் காப்பி செய்து, ஸ்பேரை அதன் பழைய வேலைக்கே அனுப்புகிறது. இது ஒன்றைத்தான் நான் ஒத்திகை பார்க்கவில்லை.

செத்த டிஸ்கை வாரண்டிக்கு அனுப்பியாயிற்று. அது வரும் வரை அலமாரி காலி. இடைக்கு ஒன்று வாங்கி வைக்கலாம் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். "பாக்கலாம்" என்றிருக்கிறார்.